எள்ளுருண்டையும் கல்லாற்று ஆம்லெட்டும்

பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நான் ஒரு மூட்டை எள்ளோடு போனேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மூட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கும் திதி கொடுக்கப் போறியளாம்மா?" என்று விசாரித்தார். "இல்ல, புதுசா கல்யாணமான பொண்ணுகளுக்குத் தின்னக் குடுக்கப் போறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் கல்லூரியில் மனையியல் சொல்லிக்கொடுக்கிறவள். என்னோடு படித்த ஷீலா திருவனந்தபுரத்தில் சின்னதாக ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறாள். கல்லாற்றுக்கு மேலே, பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வரிசை வீடுகளில், லயம் என்று அதைச் சொல்கிறார்கள், இருப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் போனவர்கள். அங்குள்ள இளம்பெண்களுக்கு உடம்பில் ரத்தமே இல்லை என்று ஷீலா போனில் புலம்பிக்கொண்டே இருந்தாள்.

"வயிற்றில் குழந்தை வந்த பிறகு எல்லாரும் மாத்திரையும் சத்துமாவும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வருவதற்கு முன்னால் அந்த உடம்பு தேற வேண்டாமா? என் தமிழைக் கேட்டால் அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள். நீ வந்து பேசு" என்றாள்.

எள்ளும் கருப்பட்டியும் சேர்த்து உருண்டை பிடிப்பது என் யோசனை. கெட்டுப்போகாது, இரும்புச்சத்து உண்டு, நம் நாக்குக்குப் பழகிய ருசி. அந்த யோசனையில் எனக்கு நல்ல பெருமை இருந்தது.

திருவனந்தபுரத்தில் இறங்கி கரமனைக்கு நகரப் பேருந்தில் ஏறினேன். மூட்டையை ஒரு இருக்கையில் வைத்துவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தேன். நடத்துநர் வந்து மலையாளத்தில், "அம்மா, இது ஆளா, மூட்டையா? ஆள் என்றால் டிக்கெட் எடுங்கள்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊர் நடத்துநர் என்றால் கத்தியிருப்பார், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். இங்கே சிரித்த முகத்தோடு குத்துகிறார்கள், பதில் சொல்ல வழியில்லை. மூட்டையை மடிக்கு மாற்றியபோதுதான் அதன் மூலையில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. வழி நெடுக எள் சிந்தியிருந்தது. கரமனையில் இறங்கும்போது அடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

ஷீலா வீட்டில் மத்தியானச் சாப்பாடு சிவப்பரிசிச் சோறு, மத்தி மீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு. குடிப்பதற்குப் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர். எங்கள் வீட்டில் வெள்ளைவெளேரென்று சோறு இல்லையென்றால் அன்றைக்கு யாரும் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆனால் அந்த மத்திக் குழம்புக்கு நான் மூன்றாம் தரமும் சோறு போட்டுக்கொண்டேன். சாயங்காலம் எள் வறுத்தோம். கரமனையில் அக்கிரகாரத் தெருக்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. மதில் ஓரம் ஒரு மாமி வந்து நின்று, "எள் வறுக்கற வாசனை வரதே, யாருக்கு ஸ்ராத்தம்?" என்று கேட்டார். ஒரே நாளில் இரண்டு பேர். எனக்குக் கோபம் வந்தது. சத்துள்ள பண்டத்தைச் சாவுக்கே நேர்ந்துவிட்ட மாதிரி இவர்கள் ஏன் பேச வேண்டும் என்று ஷீலாவிடம் பொரிந்து தள்ளினேன்.

மறுநாள் காலையில் ஜீப்பில் கிளம்பினோம். ஓட்டுநர் பிஜு பாதி வழியிலேயே பசிக்கிறது என்றான். கல்லாற்றில் நிறுத்தினோம். உருண்டைக் கற்களுக்கு நடுவே ஆறு சலசலக்கிறது, சாலையோரம் சுற்றுலாக்காரர்களுக்கான சின்னச் சின்னக் கடைகள். ஒரு கடையில் ஆம்லெட் கேட்டேன். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று வந்தது. "நாட்டுக்கோழி முட்டை. மேலே லயத்திலிருந்து வருகிறது" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அருமையாக இருந்தது. இன்னொன்று போடச் சொல்லித் தின்றேன்.

லயத்து அங்கன்வாடியில் பெண்கள் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்கள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறார்கள், தங்களுக்குள் மலையாளத்தில் கிசுகிசுக்கிறார்கள். "டீச்சர் நம்ம ஆள்தான், பயப்படாதே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

உருண்டையை எடுக்கும் முன் நான் கேட்கத்தான் கேட்டேன். "முழுகாம இருக்கிறவங்க யாரும் உண்டுமா?" ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் முடியும் முன் நாலு பேர் இருக்கும் இடத்தில் எந்தப் பெண் அதைச் சொல்லுவாள்? எங்கள் வீட்டில் மட்டும் சொன்னோமா? அந்த நேரத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை. யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கேயே, என் முன்னாலேயே தின்ன வேண்டும் என்பது என் நிபந்தனை. முந்தானையில் முடிந்துகொண்டு போனால் அது புருஷன் வாய்க்கும் கொழுந்தன் வாய்க்கும்தான் போகும். மற்றப் பெண்கள் ஒரு கடி கடித்துவிட்டு மெல்ல, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை முழுசாகத் தின்று முடித்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டினாள். முத்துமாரி. கல்யாணமாகி ஆறு மாதம். புருஷன் ராஜன் திருவனந்தபுரத்தில் கட்டட வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் மலைக்கு வருவான். இவள் மாமனார் மாமியாரோடு இருந்துகொண்டு கொழுந்து பறிக்கப் போகிறாள். நகம் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். அங்கே சிவப்பே இல்லை.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"பாலில்லாம கட்டன் சாயா, டீச்சரே."

"மத்தியானம்?"

"கஞ்சி. ஆம்பிளைங்க தின்னு மிச்சம் இருந்தா மீனு."

"முட்டை?"

அவள் முகம் மலர்ந்தது. "இப்போ ஒரு மாசமாட்டு டெய்லி கிட்டுது டீச்சரே."

நல்லது, விடாமல் சாப்பிடு என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டேன். ஒரு மாதமாக மட்டும் ஏன் கிடைக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் மறுபடி உருண்டை கொண்டுபோகும் வழியில் ஒரு டயர் பஞ்சராகி, நாங்கள் மலை ஏறுவதற்கு நேரமாகிவிட்டது. தோட்டத்து வளைவில் திரும்பியதும் பிஜு பிரேக்கை மிதித்தான். சாலையை அடைத்துக்கொண்டு ஆட்கள். முன்னால் ஒரு அம்மாள், கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் தழும்பாகப் பதிந்தவர், இரண்டு கையையும் விரித்து ஜீப்பை மறித்தார்.

"எம் மருமவ வயித்துல உள்ளதக் கலைக்கவா மலையேறி வந்திய? புள்ளத்தாச்சிக்கு எள்ளக் குடுத்துட்டியளே, நீங்க நல்லா இருப்பியளா?"

அவர்தான் முத்துமாரியின் மாமியார் செல்லத்தாய். விடியற்காலையிலிருந்து முத்துமாரிக்கு ரத்தமாகப் போகிறதாம். எள் சூடு, கருவைக் கலைக்கும் என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. தின்பண்டமாகத் தின்கிற அளவில் அதனால் ஒன்றும் ஆகாது என்று வகுப்பில் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சாலையில் என் பாடத்தை யார் கேட்பார்கள்? ஒரு ஆள் கையை விட்டு ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "இதெல்லாம் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கிற திட்டம்" என்று பின்னால் யாரோ மலையாளத்தில் சொன்னார்கள். ஷீலா இறங்கிப் பேசப் போக, அவளை ஒருத்தரும் பேசவிடவில்லை. நான் பயந்துதான் போனேன். அதைவிட மோசமான பயம் ஒன்றும் உள்ளே இருந்தது. நிஜமாகவே அவள் கர்ப்பமாக இருந்து, அது கலைந்துபோயிருந்தால்?

கீழே இறங்கினேன். "திட்டுறத அப்புறமாட்டுத் திட்டுங்க. பொண்ணு எங்க?"

லயத்தில் பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்து, கை சில்லிட்டு, நாடி ஓட்டமாக ஓடியது. மடித்துப் போட்டிருந்த பழைய துணியெல்லாம் ஊறியிருந்தது. உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்றேன். வாசலில் நின்ற மாமனார், "செய்ததும் நீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதும் நீங்களா? கசாயம் போட்டா நிக்கும்" என்று வழியை விடாமல் நின்றார். கூட்டமும் அவர் பக்கம்தான். கெஞ்சினேன், அதட்டினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது செல்லத்தாய் புருஷனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அதுவரை என்னைச் சபித்துக்கொண்டிருந்தவர், "கால நான் பிடிக்கேன், தலைய நீங்க தூக்குங்க டீச்சரே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூக்கினோம். சாவி தானாகத் திரும்பி வந்தது.

கொண்டைஊசி வளைவுகளை ஏறும்போது ரசிப்பவர்கள் ஒரு தடவை இப்படி இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு வளைவில் சுற்றுலா வேன் ஒன்றும் எதிரே வந்த பேருந்தும் மாட்டிக்கொண்டு நின்றன. வேனிலிருந்து இறங்கிய இளைஞர்கள் பள்ளத்தாக்கைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிஜு இறங்கி ஓடி, எனக்குத் தெரியாத மலையாள வார்த்தைகளில் அவர்களை விரட்டினான். முத்துமாரியின் தலை என் மடியில். செல்லத்தாய் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "கண்ண மூடாதட்டி. ஏ முத்து, அத்தயப் பாரு." கல்லாற்றுக் கடையைத் தாண்டும்போது ஆம்லெட் வாசனை ஜீப்புக்குள் வந்தது.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். ராஜனுக்குப் போன் செய்தாயிற்று. ஷீலா ரத்தத்துக்கு ஏற்பாடு செய்ய ஓடினாள். வெகுநேரம் கழித்து ஒரு பெண் மருத்துவர் வந்து என்னிடம் மலையாளத்தில் சொன்னார். "கர்ப்பம் எதுவும் இல்லை. மாதவிலக்குதான், அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண் மலையில் எப்படிக் கூடை சுமந்தாள்? ரத்தம் ஏற்றுகிறோம், பிழைத்துக்கொள்வாள். மூன்று மாதமாவது மாத்திரையும் நல்ல சாப்பாடும் வேண்டும். அதற்குப் பிறகுதான் குழந்தையைப் பற்றி நினைக்க வேண்டும்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்காக என்று சொல்ல ஆசைதான். முதல் சொட்டு எனக்காகத்தான் வந்தது.

உள்ளே போனேன். ரத்தப் பை சொட்டிக்கொண்டிருந்தது. முத்துமாரி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சரே, அத்தகிட்ட சொல்லிராதிய. மாசமா இல்லன்னு எனக்குத் தெரியும். போன மாசமும் வந்துது. ஆருக்கும் தெரியாம தோட்டுத் தண்ணியில போயி துணிய அலசிட்டு வந்தேன்."

"ஏன்டி?"

அவள் கூரையைப் பார்த்தாள். "வீட்டுல கோழி உண்டு. முட்டையெல்லாம் மாமா கல்லாத்துக் கடைக்குக் கொண்டு போயிருவாரு. மாசமா இருக்கிறவளுக்கு மட்டும்தான் எடுத்து வைப்பாவ. மூத்த மருமவளுக்கு அப்படித்தான் குடுத்தாவ, நான் பார்த்தேன்." என் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு, "பசிச்சுது டீச்சரே" என்றாள்.

கல்லாற்றங்கரையில் நான் இரண்டாவதாகப் போடச் சொன்ன ஆம்லெட் அந்த இடத்தில் என் நெஞ்சில் வந்து நின்றது. இப்போதும் அங்கேயே நிற்கிறது.

வெளியே நடைவழி பெஞ்சில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தார். இவரிடம் என்ன சொல்வது என்று தயங்கிக்கொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாவளா?" என்று அவரே கேட்டார்.

திடுக்கிட்டுப் பார்த்தேன். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒரே கொடியில துணி காயுற வீட்டுல எது தெரியாம போவும்? போன மாசமே தெரியும். பின்னே என்ன, வயசுப் புள்ள. திங்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் ரோட்டுல அந்தச் சத்தம் போட்டிய? எங்களை அடிச்சிருப்பாங்களே!"

"எம் வீட்டுக்காரரு பக்கத்துல நின்னாருல்லா. மருமவ வயித்துப் புள்ள போவுதுன்னா மாமியாக்காரி சத்தம் போடாம இருப்பாளா? நான் சும்மா நின்னா அவரு யோசிச்சிருப்பாரு."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு உபகாரம் செய்யுங்க டீச்சரே. கலைஞ்சிட்டுன்னே சொல்லிருங்க. கலைஞ்சவளுக்கு நாப்பது நாள் பத்தியம் உண்டு. பூண்டு, கருப்பட்டி, கோழி முட்டை எல்லாம் குடுத்தே ஆவணும், அவரும் தடுக்க மாட்டாரு. எள்ளுருண்டை மேல பழி கிடந்துட்டுப் போவட்டும். நீங்க ஒங்க ஊருக்குப் போயிருவிய."

அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. உண்மைதானே, நான் ரயிலேறிப் போய்விடுவேன். ஆனால் அங்கன்வாடியில் என் முன்னால் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்கள்? எள் கருவைக் கொன்றுவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டால், நாளைக்கு நாங்கள் கடலையைக் கொண்டுபோனாலும் கீரையைக் கொண்டுபோனாலும் ஒருத்தி கையால் தொடுவாளா? ஷீலாவின் ஜீப் மறுபடி அந்த மலை ஏறுமா? இவளுக்கு நாற்பது நாள் சோறு, அவர்களுக்கு ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொன்னால் இவளுக்கு அந்த நாற்பது நாளும் இல்லை, பொய்க்காரி என்ற பட்டம் வேறு.

"முடியாதும்மா" என்றேன். என் குரல் கடுமையாக வந்தது. செல்லத்தாய் கையை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ராஜன் ஓடிவந்தான். தலைமுடியிலெல்லாம் சிமெண்டு. அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "டீச்சரே, புள்ள?"

"முத்துமாரி நல்லாயிருக்கா. புள்ள இல்லப்பா. கலையவும் இல்ல. உண்டாகவே இல்ல."

அவன் முகம் மாறியது. "அப்போ இவ்ளோ நாளும் அவ பொய்யா சொன்னா?"

செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவசரமாகச் சொன்னேன். "ரத்தம் இல்லாத உடம்புக்கு மாசம் முன்னப்பின்ன தள்ளும்பா. ஒண்ணும் நிச்சயமாச் சொல்ல முடியாது. அந்த ரத்தம் ஏன் இல்லாம போச்சு, அதக் கேளு."

அவன் கேட்கவில்லை. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். சட்டென்று செல்லத்தாய் நிமிர்ந்தார். ரோட்டில் ஜீப்பை மறித்த அதே குரல்.

"ஏலே, டாக்டரம்மா என்ன சொன்னாவ தெரியுமா? சாப்பாடு இல்லாமதான் இந்த நெலமையாம். தெனம் ரெண்டு முட்டை, மீனு, பயறு. ஒரு வருசத்துக்கு. அதுவரைக்கும் புள்ளப் பேச்சையே எடுக்கக் கூடாதாம். எடுத்தா ஒம் பொண்டாட்டி ஒனக்கில்ல. ஒங்கப்பன்கிட்ட நீயே போயிச் சொல்லு." என் பக்கம் திரும்பினார். "இல்லையா டீச்சரே?"

மருத்துவர் முட்டை என்ற வார்த்தையையே சொல்லவில்லை. மூன்று மாதம் ஒரு வருஷமாகியிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

"ஆமா" என்றேன். "ரெண்டு முட்டை. ஒரு வருஷம்."

"முட்டையெல்லாம் கல்லாத்துக் கடைக்குப் போவுதேம்மா" என்றான் அவன்.

"போவாது. டூரு வந்தவன் ஆம்லெட் திங்கலன்னா செத்தா போவான்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவன் உள்ளே போய் அவளைப் பார்த்துவிட்டு வரும்போது கண் சிவந்திருந்தது. அப்பாவிடம் இன்றைக்கே மலைக்குப் போய்ப் பேசுகிறேன் என்றான். "எள்ளு மேல பழி இல்லன்னு லயத்துல நான் சொல்லிக்கிடுதேன்" என்றார் செல்லத்தாய் என்னிடம். "கத்தின வாயி நம்ம வாயிதானே."

காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. எதிர்க்கடையில் தோசையும் முட்டைக்கறியும் வாங்கிவந்தேன். செல்லத்தாய் பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் வேலையாக முட்டையை எடுத்து, குழம்பை வழித்துவிட்டு, தனியே ஒரு வாழையிலைத் துண்டில் வைத்தார்.

"அது யாருக்கு?"

"அவளுக்கு."

"அவளுக்குத் தனியா வாங்கியாச்சு. இது ஒங்களுக்கு."

"எனக்கெதுக்கு?" நிஜமாகவே விளங்காதவர் போலப் பார்த்தார். "நான் என்ன இனிமே புள்ள பெறப் போறேனா?"

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? கோபத்தோடேயே ராஜன் பக்கம் திரும்பினேன். "டாக்டர் இன்னொண்ணும் சொன்னாங்கப்பா. ஒங்கம்மாவும் தெனம் முட்டை சாப்பிடணுமாம்."

செல்லத்தாயை அந்த மருத்துவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "சரி டீச்சரே" என்று ராஜன் தலையாட்டினான். செல்லத்தாய் இலையிலிருந்து முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் என்னைக் கேட்டார்.

"எத்தன நாளைக்கு டீச்சரே?"

"ஆயுசுக்கும்" என்றேன்.